ஜெர்மன் பல்கலைக்கழக வேலை: ப்ளூ கார்டா, 18டியா? கிளம்பும் முன் எதை முடிக்க வேண்டும்?

6 செப்டம்பர் 2025, இரவு 9.12 | பாலாறு

ஜெர்மனியில ஒரு அரசுப் பல்கலைக்கழகத்துல போஸ்ட்டாக் கிடைச்சிருக்கு. வேதியியல். ரெண்டு வருஷ ஒப்பந்தம், சம்பளப் பிரிவு ஈ13, முழு வேலை நேரத்துல 90 சதவீதம். 2026 ஜனவரி 2 சேரணும். மனைவியும் நாலு வயசுப் பொண்ணும் கூட வரணும். மூணு பேர்கிட்ட கேட்டா மூணு பதில். ஒருத்தர் ப்ளூ கார்டுதான்ங்கிறார். ஒருத்தர் 18டி, அதாவது ஆராய்ச்சியாளர் விசாங்கிறார். மூணாவது ஆள், "டூரிஸ்ட் விசால போயிடு, அங்க போய் மாத்திக்கலாம்"ங்கிறார். வொர்க் பெர்மிட்டுக்குத் தனியா விண்ணப்பிக்கணுமா? ஏபிஎஸ், போலீஸ் சான்று, அப்போஸ்டில் எல்லாம் இப்பவே எடுத்து வைக்கட்டுமா?

6 செப்டம்பர் 2025, இரவு 10.40 | வேப்பம்பூ

மூன்றாவது ஆளிடம் இனி எதையும் கேட்காதீர்கள். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, ஜப்பான், பிரிட்டன் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் விசா இல்லாமல் இறங்கி, அங்கேயே குடியிருப்பு அனுமதி கேட்கலாம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அந்த வழி இல்லை. டூரிஸ்ட் விசாவில் போனால் திரும்பி வந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தனியாக வொர்க் பெர்மிட் என்று ஒன்று கிடையாது. இங்கிருந்து வாங்குவது 'டி' வகை தேசிய விசா. வேலை செய்யும் அனுமதி, பாஸ்போர்ட்டில் ஒட்டித் தரும் அந்த விசா ஒட்டுத்தாளிலேயே அச்சாகி வரும். அங்கே போனபின் அதைக் குடியிருப்பு அட்டையாக மாற்றுவார்கள். எந்தப் பிரிவில் விசா என்பதை மட்டும் இப்போதே முடிவுசெய்ய வேண்டும்.

ஏபிஎஸ் என்ற கல்விச் சான்று சரிபார்ப்பு மாணவர் விசாவுக்கானது, 2022 நவம்பரிலிருந்து. உங்களுக்கு வேண்டாம். போலீஸ் சான்றை யாரும் கேட்பதில்லை. அப்போஸ்டிலுக்கு (ஆவணம் வெளிநாட்டில் செல்லும் என்று ஒட்டித் தரும் சான்று) இன்னும் காசு கட்டவில்லையே? கட்டாதீர்கள், பிறகு விளக்குகிறேன்.

7 செப்டம்பர் 2025, காலை 7.05 | வேப்பம்பூ

இரண்டு கதவுகளையும் பார்ப்போம்.

18டி என்பது ஆராய்ச்சியாளர் பிரிவு. இதற்கு உயிர்நாடி ஹோஸ்டிங் அக்ரிமென்ட் என்ற ஒரே தாள்தான், ஆய்வு நிறுவனமும் நீங்களும் போடும் ஒப்பந்தம். சம்பளத்துக்குக் குறைந்தபட்ச எல்லை சட்டத்தில் எழுதப்படவில்லை, வாழ்க்கைச் செலவுக்குப் போதும் என்று தெரிந்தால் சரி. அரசு நிதியில் நடக்கும் பல்கலைக்கழகம் என்றால் அது தனி அங்கீகாரம் எதுவும் வாங்க வேண்டியதில்லை, செலவை ஏற்பதாக உறுதிமொழியும் தர வேண்டியதில்லை. வேலைவாய்ப்பு முகமையின் ஒப்புதலும் வேண்டாம். ஆராய்ச்சியோடு வகுப்பும் எடுக்கலாம்.

ப்ளூ கார்டு என்பது சம்பள எல்லையைத் தாண்டும் பட்டதாரிகளுக்கான வேலை அனுமதி, சட்டத்தில் 18ஜி பிரிவு. 2023 நவம்பர் 18 வரை இது வேறு எண்ணில் இருந்தது, பழைய பதிவுகளில் 18பி என்று பார்த்தால் குழம்ப வேண்டாம். வேலை ஒப்பந்தம் குறைந்தது ஆறு மாதம் இருக்க வேண்டும், பட்டம் ஜெர்மன் பட்டத்துக்கு இணையாக இருக்க வேண்டும், ஆண்டுச் சம்பளம் எல்லையைத் தாண்ட வேண்டும். 2025-இல் அந்த எல்லை 48,300 யூரோ. பற்றாக்குறைத் தொழில்களுக்கும், பட்டம் முடித்து மூன்று ஆண்டு ஆகாதவர்களுக்கும் 43,759.80. இந்தக் குறைந்த எல்லையைப் பிடித்துப் போனால் வேலைவாய்ப்பு முகமையின் ஒப்புதல் தேவைப்படும், நாள் கூடும்.

ப்ளூ கார்டுக்கு ஏன் இவ்வளவு மவுசு? நிரந்தரக் குடியிருப்பு (பிஆர்). ஏ1 (தொடக்க நிலை) அளவு ஜெர்மன் இருந்தால் 27 மாதம், பி1 (இடைநிலை) இருந்தால் 21 மாதம். 18டியில் மூன்று ஆண்டு, 36 மாத ஓய்வூதியச் சந்தா, பி1. நாட்டை விட்டு வெளியே இருக்கும் சலுகையும் வேறு: 18டியில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அனுமதி காலாவதி, ப்ளூ கார்டில் பன்னிரண்டு மாதம்.

உங்கள் ஒப்பந்தம் 24 மாதம் என்பதைக் கவனியுங்கள். 21 அதற்குள் விழும், 27 விழாது. ஏ1 மட்டும் படித்துவிட்டு ப்ளூ கார்டால் சீக்கிரம் பிஆர் என்று கனவு கண்டால், ஒப்பந்தம் முடியும் நேரத்தில் மூன்று மாதம் குறையும். பி1 படிக்கப் போவதில்லை என்றால் முதல் ஒப்பந்தத்தில் ப்ளூ கார்டின் பெரிய ஆதாயம் கைக்கு வராது.

7 செப்டம்பர் 2025, மதியம் 1.30 | கணக்குப்பிள்ளை

90 சதவீதத்தை யாரும் கவனிக்கலையா?

அரசுப் பல்கலைக்கழகச் சம்பளம் டிவி-எல் அட்டவணைப்படி. (தொலைக்காட்சி இல்லை. மாநில அரசு ஊழியர் சம்பள ஒப்பந்தம். ஹெஸ்ஸன் மாநிலத்துக்கு மட்டும் தனி அட்டவணை, டிவி-ஹெச்.) ஈ13 முதல் படி 2025-ல மாசம் 4,629.74 யூரோ. அதில் 90 சதவீதம் 4,166.77. பன்னிரண்டால் பெருக்கினா 50,001.

48,300-ஐத் தாண்டுது. ஆனா இது 2025 எல்லை. சேர்வது 2026. எல்லை வருஷா வருஷம் ஏறும். மேலே இருக்கிற இடைவெளி 1,701 யூரோ மட்டும்தான்.

7 செப்டம்பர் 2025, மதியம் 2.10 | வேப்பம்பூ

உண்மை, காலையில் எழுதியபோது முழு ஈ13 என்றே மனதில் வைத்திருந்தேன். முழு வேலை என்றால் 55,500-க்கு மேல் போகும், கவலை இல்லை. பிஎச்டி வேலைக்கு 65 சதவீதம் என்றால் 36,000 சொச்சம்தான், ப்ளூ கார்டு பேச்சே கிடையாது. 90 என்பது இரண்டுங்கெட்டான்.

9 செப்டம்பர் 2025, இரவு 8.20 | பாலாறு

இன்னொரு சிக்கல். ஒப்பந்தமே இன்னும் வரல. எச்ஆர்ல "முதல் நாள் நேர்ல வந்து கையெழுத்துப் போடுங்க"ன்னு சொல்றாங்க. ஒப்பந்தம் இல்லாம விசா எப்படிக் கேக்கறது?

9 செப்டம்பர் 2025, இரவு 9.55 | வேப்பம்பூ

அங்கே இது வழக்கம்தான். ஊழியர் மன்றம் ஒப்புதல் தந்த பிறகுதான் எச்ஆர் ஒப்பந்தம் அச்சிடும், அதற்குச் சில வாரங்கள் ஓடும். கையெழுத்து முதல் நாளில். தூதரகத்துக்குக் கையெழுத்திட்ட ஒப்பந்தமே வேண்டும் என்பதில்லை, உறுதியான வேலை வாய்ப்புக் கடிதம் போதும். ஆனால் பேராசிரியர் அனுப்பும் "வாழ்த்துகள், ஜனவரியில் சந்திப்போம்" மின்னஞ்சல் அந்தக் கடிதம் ஆகாது. எச்ஆர் முத்திரையோடு வர வேண்டும், அதில் பணியின் பெயர், சம்பளப் பிரிவு, படி, வேலை நேர சதவீதம், தொடக்க நாள், முடியும் நாள் எல்லாம் இருக்க வேண்டும்.

ப்ளூ கார்டு என்றால் கூடவே வேலைவாய்ப்பு முகமையின் 'வேலை உறவு அறிவிப்பு' படிவத்தையும் நிரப்பித் தரச் சொல்லுங்கள். 18டி என்றால் ஹோஸ்டிங் அக்ரிமென்ட். அதில் இருக்க வேண்டியவை:

ஆராய்ச்சித் திட்டத்தைச் செய்வேன் என்ற உங்கள் உறுதி, அதற்கு இடம் தருவோம் என்ற நிறுவனத்தின் உறுதி, வேலையின் அளவு, சம்பளம், விடுப்பு, வேலை நேரம், காப்பீடு, தொடக்க நாள், காலம். அனுமதி கிடைக்காவிட்டால் இந்த ஒப்பந்தம் செல்லாது என்ற வரி. இடையில் வேறு ஐரோப்பிய நாட்டு ஆய்வகத்தில் வேலை இருந்தால் அதுவும். குடியேற்ற அலுவலகமான 'பாம்ஃப்' ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் மாதிரிப் படிவம் வைத்திருக்கிறது, அதையே பயன்படுத்தச் சொல்லுங்கள். பல இடங்களில் பேராசிரியர் மட்டும் கையெழுத்திட்டு அனுப்பிவிடுகிறார். பல்கலைக்கழகத்தின் பெயரில் கையெழுத்திடும் அதிகாரம் உள்ளவர் போட வேண்டும். இந்தக் கையெழுத்துக்காகவே கோப்பு திரும்பி வரும்.

யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் பல்கலைக்கழகத்தின் வெல்கம் சென்டருக்கு எழுதுங்கள். பேராசிரியரின் செயலாளருக்கு நகல் வையுங்கள். பேராசிரியரைவிட அவர்தான் வேலையை நகர்த்துவார்.

14 செப்டம்பர் 2025, காலை 10.15 | வேப்பம்பூ

பட்டச் சமன்பாடு. 18டிக்கு, முனைவர் படிப்பில் சேரும் தகுதி தரும் பட்டம் இருந்தால் போதும். ப்ளூ கார்டுக்கு, வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் அனாபின் தரவுத்தளத்தில் இரண்டு பக்கம் அச்செடுக்க வேண்டும்: கல்வி நிறுவனத்தின் பக்கம், அங்கீகாரம் உண்டு என்ற 'எச் பிளஸ்' குறியோடு. பட்டத்தின் பக்கம், இணையானது என்ற குறிப்போடு.

நம்மூர்க்காரர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. பொள்ளாச்சியிலோ சிவகாசியிலோ படித்த கல்லூரியின் பெயரைத் தேடி, இல்லை என்றதும் பதறுவார்கள். தேட வேண்டியது பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்தை. இணைவுக் கல்லூரி அங்கே இருக்காது. அனாபின் முழுக்க ஜெர்மனில்தான். முதலில் நாடு 'இண்டியன்' (Indien, ஜெர்மனில் இந்தியா) என்று தேர்ந்தெடுத்து, பிறகு ஊர்ப் பெயரால் தேடினால் சீக்கிரம் கிடைக்கும்.

பட்டம் அங்கே பட்டியலில் இல்லை என்றால் பான் நகரில் உள்ள 'சாப்' அலுவலகத்தில் சமநிலைச் சான்று. இருநூறு யூரோவுக்குச் சற்று மேல். முனைவர் பட்டம் இன்னும் கைக்கு வராமல் ப்ரொவிஷனல் மட்டும் இருந்தாலும் பயமில்லை, முதுகலைப் பட்டமே தகுதிக்குப் போதும். முதுகலையின் பட்டச் சான்றிதழ் அசல் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டமளிப்பு விழாவுக்குப் போகாமல் பத்து வருடம் விட்டுவைத்தவர்கள் இப்போதுதான் விழிப்பார்கள்.

15 செப்டம்பர் 2025, மாலை 6.30 | பாலாறு

எம்எஸ்சி பட்டத்துல "கே. செந்தில்நாதன்" மாதிரி இனிஷியலோட இருக்கு (உதாரணத்துக்குச் சொன்னேன், என் பேரு இல்ல). பாஸ்போர்ட்டுல சர்நேம் கட்டம் காலி, மொத்தப் பேரும் கிவன் நேம்ல. பிரச்சினை வருமா?

15 செப்டம்பர் 2025, மாலை 7.10 | கணக்குப்பிள்ளை

வரும். அடுத்த பத்து வருஷத்துக்கு வங்கிக்காரன், காப்பீட்டுக்காரன், தபால்காரன் எல்லாரும் உங்க அப்பா பேரைச் சொல்லிக் கூப்பிடப் போறாங்க. இல்லேன்னா உங்க முதல் பேர் ஒரு சின்னக் கோடு.

15 செப்டம்பர் 2025, இரவு 8.45 | வேப்பம்பூ

வேடிக்கையாகச் சொன்னாலும் உண்மை. சர்நேம் காலியாக இருந்தால் ஜெர்மன் ஆவணங்களில் உங்கள் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போய் உட்காரும், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கோடு விழும். விசாவுக்கு அது தடையில்லை. பின்னால் ஆன்லைன் படிவங்களில் முதல் பெயர் கட்டாயம் என்று கேட்கும்போதுதான் தலைவலி.

கிளம்ப இன்னும் நிறைய மாதங்கள் இருந்தால், பெயரைப் பிரித்துப் பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்துகொள்வது நல்லது. மனைவி, குழந்தை பாஸ்போர்ட்டுகளையும் அதோடு ஒத்துப்பாருங்கள். மனைவியின் சர்நேம் உங்கள் பெயர், உங்கள் சர்நேம் உங்கள் அப்பா பெயர், குழந்தைக்கு வேறொன்று என்று ஒரு குடும்பத்தில் மூன்று குடும்பப் பெயர் வருவது நமக்குச் சாதாரணம். அங்கே கிண்டர்கார்டனில் விளக்கிச் சொல்லத் தயாராக இருங்கள், அவ்வளவுதான்.

உங்களுக்கு நேரம் இல்லை. பாஸ்போர்ட்டைத் தொடாதீர்கள். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று நோட்டரி அஃபிடவிட் ஒன்று எடுத்து, பட்டச் சான்றோடு இணையுங்கள். எல்லாப் படிவத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து நிரப்புங்கள். பல்கலைக்கழகக் கடிதத்திலும் அதே எழுத்துகள்தான் வர வேண்டும். பேராசிரியருக்கு நீங்கள் அனுப்பிய சிவியில் இனிஷியல் இருந்தால் அவர்கள் அதையே கடிதத்தில் போட்டுவிடுவார்கள்.

21 செப்டம்பர் 2025, காலை 9.00 | வேப்பம்பூ

விண்ணப்பம் போடும் முறை. 2025 ஜனவரியிலிருந்து ஜெர்மன் வெளியுறவுத் துறையின் கான்சுலர் சர்வீசஸ் போர்ட்டலில்தான் தேசிய விசா விண்ணப்பம். கணக்கு திறந்து, நோக்கத்தைத் தேர்ந்தெடுத்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லி, ஆவணங்களைப் பிடிஎஃப்பாக ஏற்ற வேண்டும். முதலில் சரிபார்ப்பார்கள், குறை இருந்தால் அங்கேயே சொல்வார்கள். பிறகு நேரில் போய் அசல்கள், கைரேகை, கட்டணம். கட்டணம் 75 யூரோ, அன்றைய மதிப்பில் ரூபாயில். விண்ணப்பம் வாங்கும் நிறுவனமான விஎஃப்எஸ்ஸின் சேவைக் கட்டணம் தனி.

நோக்கத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் அவசரப்படாதீர்கள். ஹோஸ்டிங் அக்ரிமென்ட்டை ஏற்றிவிட்டு ப்ளூ கார்டு என்று தேர்ந்தெடுத்தால் கோப்பு இரண்டுக்கும் நடுவில் தொங்கும். இரண்டையும் சேர்த்துக் கேட்க முடியாது.

கையில் இருக்க வேண்டியவை: பத்து ஆண்டுக்குள் வழங்கிய, இரண்டு வெற்றுப் பக்கம் உள்ள பாஸ்போர்ட். 35×45 மில்லிமீட்டர் புகைப்படம். கடிதம் அல்லது அக்ரிமென்ட். பட்டங்கள், அனாபின் அச்சு. சிவி, ஒரு மாத இடைவெளிகூட விடாமல். பயணக் காப்பீடு, குறைந்தது 30,000 யூரோ பாதுகாப்போடு. பாஸ்போர்ட் ஒரு வருடத்துக்குள் முடிவதானால் இங்கேயே புதுப்பித்துவிடுங்கள், பாஸ்போர்ட் முடியும் நாளுக்கு மேல் குடியிருப்பு அட்டை தர மாட்டார்கள்.

411 யூரோ கட்டி விரைவு நடைமுறை என்று ஒன்று உண்டு. வேலை தருபவர்தான் அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் தொடங்க வேண்டும். 18டிக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. ஏனென்றால் ஹோஸ்டிங் அக்ரிமென்ட் உள்ள ஆராய்ச்சியாளரின் விசாவுக்கு அந்த அலுவலகத்தின் முன்-சம்மதம் பொதுவாக வேண்டியதில்லை. தூதரகமே முடிவெடுக்கும். இந்தச் சலுகை கூட வரும் மனைவிக்கும் குழந்தைக்கும் உண்டு. எனவே மூன்று விண்ணப்பத்தையும் ஒன்றாகப் போடுங்கள். "நான் முதலில் போய் வீடு பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன்" என்று பிரித்தால் அவர்கள் தனியாக வரிசையில் நிற்க வேண்டிவரும்.

22 செப்டம்பர் 2025, இரவு 10.20 | வேப்பம்பூ

அப்போஸ்டில் பற்றிச் சொல்கிறேன் என்றேன். இந்தியா அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபித்தது. அதனால் நம் வெளியுறவு அமைச்சகம் ஒட்டித் தரும் அப்போஸ்டில் ஸ்டிக்கருக்கு ஜெர்மனியில் சட்டப்படி மதிப்பில்லை. ஏஜென்டுகள் தாளுக்கு இத்தனை ஆயிரம் என்று வாங்கிக்கொண்டு ஒட்டித் தருவார்கள், பார்க்க அழகாக இருக்கும். ஒரு சான்றில் சந்தேகம் வந்தால் தூதரகமே ஒரு வழக்கறிஞரை அனுப்பி, பதிவு அலுவலகத்தில் விசாரிக்கும். செலவு உங்களுடையது, காலமும் மாதக் கணக்கில். இலங்கை ஆவணங்களுக்கும் இதே வகையான விசாரணைதான்.

11 அக்டோபர் 2025, மாலை 5.00 | கணக்குப்பிள்ளை

பாலாறு, உட்கார்ந்துட்டுப் படிங்க. அடுத்த வருஷ ஓய்வூதியச் சந்தா உச்சவரம்பு ஆண்டுக்கு 101,400-ன்னு ஜெர்மன் அமைச்சரவை முடிவு பண்ணிட்டாங்க. ப்ளூ கார்டு எல்லை அதில் பாதி. 50,700. குறைந்த எல்லை அதில் 45.3 சதவீதம், 45,934.20.

உங்க கணக்கு 50,001. துண்டு விழுவது 699 யூரோ.

நவம்பரில் வரும் ஆண்டுச் சிறப்புத் தொகை ஈ13-க்கு ஒரு மாதச் சம்பளத்தில் 46.47 சதவீதம். உங்களுக்கு 1,936 வரும். சேர்த்தா 51,937, தாண்டிடும். ஆனா டிசம்பர் 1 அன்னைக்கு வேலையில் இருக்கிறவங்களுக்குத்தான் அது. அதைச் சம்பளமா எண்ணுவாங்களா என்பது எழுத்தில் என்ன இருக்குங்கிறதைப் பொறுத்தது. அதை நம்பி விசா கேக்காதீங்க.

12 அக்டோபர் 2025, காலை 6.50 | வேப்பம்பூ

அப்படியானால் உங்கள் முன் மூன்று வழிகள்.

ஒன்று, படியை ஏற்றுவது. ஈ13-இல் முதல் படி என்று ஏன் போட்டார்கள்? பிஎச்டிக்குப் பிறகு வேறு எங்கும் ஆராய்ச்சி வேலை பார்த்திருந்தால் அனுபவமாகக் கணக்கில் எடுக்கச் சொல்லலாம், ஒரு வருடத்துக்கு இரண்டாம் படி, மூன்று வருடத்துக்கு மூன்றாம் படி. வெளிநாட்டு அனுபவமும் ஆகும். சான்றில் வேலையின் பெயர், முழுநேரம், தொடங்கிய நாள், முடிந்த நாள் இருக்க வேண்டும். ஜேஆர்எஃப், எஸ்ஆர்எஃப் என்ற இந்திய ஆய்வு உதவித்தொகைக் காலம் என்றால் வாதாட வேண்டும், சிலர் ஏற்பார்கள், சிலர் மாட்டார்கள். எப்படியானாலும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கேளுங்கள், பிறகு திருத்துவது பெரும்பாடு. இரண்டாம் படி கிடைத்தால் 90 சதவீதத்திலும் 50,700-ஐத் தாண்டிவிடுவீர்கள்.

இரண்டு, வேதியியல் பற்றாக்குறைத் தொழில்களில் வரும் என்பதால் குறைந்த எல்லை. முகமையின் ஒப்புதலுக்காகக் காத்திருக்க வேண்டும். ஜனவரி 2-க்கு இடிக்கும்.

மூன்று, 18டி. இப்போது அதில் போங்கள். வேலை 100 சதவீதமாக உயர்ந்தாலோ படி ஏறினாலோ அங்கிருந்தபடியே ப்ளூ கார்டுக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம், இந்தியா திரும்ப வேண்டியதில்லை. ஆனால் 21 மாதம், 27 மாதம் என்ற எண்ணிக்கை ப்ளூ கார்டு வாங்கிய பின்னர்தான் தொடங்கும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

நான் செப்டம்பர் 7-இல் ப்ளூ கார்டை அவ்வளவு விரிவாக எழுதியதைப் படித்து மனம் அதில் நின்றிருந்தால், மன்னிக்கவும். பாலாறுக்கு 18டிதான்.

12 அக்டோபர் 2025, இரவு 9.30 | குறுமிளகு

இடையில் ஒரு கேள்வி. எனக்குச் சம்பளம் இல்லை, ஃபெலோஷிப் உதவித்தொகை. மாதத் தொகை நன்றாகவே இருக்கிறது. ப்ளூ கார்டு கிடைக்குமா?

12 அக்டோபர் 2025, இரவு 10.05 | வேப்பம்பூ

கிடைக்காது. எவ்வளவு பெரிய தொகையானாலும் அது வேலை ஒப்பந்தம் அல்ல. 18டி கிடைக்கும். ஆனால் இரண்டு விஷயத்தைக் கிளம்பும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். உதவித்தொகையில் இருப்பவர் அரசு மருத்துவக் காப்பீட்டில் தானாகச் சேர மாட்டார், தனியார் காப்பீடு பார்க்க வேண்டும், குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. ஓய்வூதியச் சந்தாவும் போகாது, அதனால் மூன்று ஆண்டு முடிந்தாலும் நிரந்தரக் குடியிருப்புக்கு வேண்டிய 36 மாதச் சந்தா பூஜ்ஜியமாகவே நிற்கும். உதவித்தொகையை வேலை ஒப்பந்தமாக மாற்றித் தர முடியுமா என்று பல்கலைக்கழகத்தைக் கேட்டுப் பாருங்கள். கையில் வரும் தொகை குறையும், ஆனாலும் குடும்பத்தோடு போகிறவருக்கு அதுவே மேல்.

3 நவம்பர் 2025, மதியம் 12.40 | வேப்பம்பூ

குடும்ப விண்ணப்பம் பற்றிச் சிலர் தனியாகக் கேட்டதால் இங்கேயே எழுதுகிறேன்.

18டி, ப்ளூ கார்டு இரண்டிலும் மனைவிக்கோ கணவருக்கோ ஏ1 ஜெர்மன் சான்று வேண்டாம். போன நாளிலிருந்து அவர்களும் வேலை பார்க்கலாம். அவர்களுக்கு வருமானம் இல்லை என்றால், நீங்கள் அரசுக் காப்பீட்டில் இருக்கும்வரை கூடுதல் கட்டணம் இல்லாமல் உங்களோடு சேர்ந்துகொள்வார்கள்.

திருமணச் சான்று என்றால் பதிவு அலுவலகச் சான்று. கோவில் ரசீதும் மண்டபப் பில்லும் ஆகாது. 2009 சட்டப்படி தமிழ்நாட்டில் எல்லாத் திருமணத்தையும் பதிய வேண்டும், ஆனாலும் விசா வேளையில்தான் பதியப் போகிறார்கள். சமீபத்தில் பதிந்ததாக இருந்தாலும் செல்லும், திருமணத் தேதியும் பதிந்த தேதியும் வேறு வேறு என்பதைக் கவனித்து, படிவத்தில் திருமணத் தேதியை எழுதுங்கள்.

குழந்தையின் பிறப்புச் சான்றில் பெயர் இருக்கிறதா? மருத்துவமனையில் பிறந்த உடன் எடுத்த சான்றில் "ஆண் குழந்தை", "பெண் குழந்தை" என்று மட்டும் இருக்கும், பெயர் சேர்க்காமல் விட்டிருப்பார்கள். மாநகராட்சியிலோ பேரூராட்சியிலோ பெயர் சேர்த்துப் புதிய சான்று எடுங்கள். தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த சான்று என்பதால் விசாவுக்கு மொழிபெயர்ப்பு தேவையிருக்காது.

அரசுக் கல்லூரி ஆசிரியராக இருந்து நீண்ட விடுப்பில் போகிறவர்கள் துறையின் என்ஓசியை முன்கூட்டியே தொடங்குங்கள். ஜெர்மனி அதைக் கேட்காது, நம் துறை கேட்கும்.

25 நவம்பர் 2025, இரவு 7.15 | பாலாறு

மூணு கோப்பும் ஒண்ணா போட்டாச்சு, 18டி. ஒரு குறை சொல்லி மெயில் வந்திருக்கு. காப்பீடு டிசம்பர் 28-லேர்ந்து ஜனவரி 2 வரைக்கும் எடுத்திருந்தேன். பத்தலைங்கிறாங்க. இதுக்காக மறுத்துடுவாங்களா?

25 நவம்பர் 2025, இரவு 8.00 | வேப்பம்பூ

மறுக்க மாட்டார்கள், நீட்டித்து ஏற்றுங்கள். உங்களுக்கு அரசுக் காப்பீடு ஜனவரி 2-இல் தொடங்கும் என்பது சரியான கணக்குதான். ஆனால் பயணம் தள்ளினாலோ வேலை தொடங்கும் நாள் தள்ளினாலோ இடையில் வெறுமை வரும். ஒரு மாதத்துக்கு எடுங்கள், விலை வித்தியாசம் சொற்பம். மனைவி, குழந்தைக்கும் அதேபோல.

மறுப்பு என்ற சொல் வந்ததால் ஒன்று. பழைய பதிவுகளில் "மறுத்தால் ரிமான்ஸ்ட்ரேஷன் போடுங்கள்" என்று இருக்கும். 2025 ஜூலை 1 முதல் அந்த முறையீட்டை எடுத்துவிட்டார்கள். இப்போது மறுத்தால் புதிய விண்ணப்பம், இல்லையேல் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் வழக்கு. ஆகையால் குறை மெயிலுக்குப் பதிலைத் தள்ளிப்போடாதீர்கள்.

14 டிசம்பர் 2025, மாலை 4.45 | பாலாறு

வந்துருச்சு. மூணுமே. டிசம்பர் 27 விமானம். அங்க இறங்கினதும் முதல்ல என்ன?

14 டிசம்பர் 2025, இரவு 9.20 | வேப்பம்பூ

ஒட்டுத்தாளில் பெயரின் எழுத்து, செல்லும் நாட்கள், பிரிவு எண், வேலை அனுமதி வரி ஆகியவற்றை இன்றே பாருங்கள். தவறு இருந்தால் இங்கேயே திருத்துவது சுலபம்.

இறங்கியதும் அன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு. வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் என்பது விதி. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவே நகராட்சி அலுவலகங்கள் பல மூடியிருக்கும், ஜனவரி முதல் வாரத்துக்கான நேரத்தை இப்போதே ஆன்லைனில் பிடியுங்கள். நேரம் கிடைக்காமல் தாமதமானால் பதிவு எடுத்த மின்னஞ்சலை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரின் கையெழுத்திட்ட குடியேற்றச் சான்று தேவை. பல்கலைக்கழக விருந்தினர் இல்லத்தில் தருவார்கள். குறுகிய கால வாடகை வீடுகளில் பெரும்பாலும் தர மாட்டார்கள், முன்பணம் கட்டும் முன் கேளுங்கள்.

அன்றே வெளிநாட்டவர் அலுவலகத்துக்கும் விண்ணப்பம் போடுங்கள். விசா முடியும் நாளுக்கு முன் விண்ணப்பித்தால் போதும், அட்டை வரத் தாமதமானாலும் இடைக்காலச் சான்று கேட்டு வாங்கலாம், வேலை அனுமதி தொடரும். நாளைத் தவறவிட்டு மறுநாள் விண்ணப்பித்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை.

18 ஜனவரி 2026, காலை 11.30 | கணக்குப்பிள்ளை

சேர்ந்தாச்சா? சம்பளப் பக்கம் மூணு விஷயம்.

வரி எண் தபாலில் வரும், ரெண்டு மூணு வாரத்தில். வருவதற்குள் சம்பளம் போட்டா ஆறாம் வரி வகுப்பில், அதாவது ரொம்ப அதிகமா, வரி பிடிப்பாங்க, பார்த்துட்டு மயக்கம் போடாதீங்க. எண்ணைக் கொடுத்ததும் பின்மாதங்களில் சரியாகும்.

முதல் சம்பளம் ஜனவரி கடைசியில் வரும்னு நம்பி இருக்காதீங்க, தாள்கள் தாமதமா போனா பிப்ரவரி கடைசி. ரெண்டு மாசச் செலவு கையில் இருக்கணும்.

விபிஎல் என்று ஒரு துணை ஓய்வூதியம் பிடிப்பாங்க. கட்டாயத் திட்டத்தில் பலன் கிடைக்க அறுபது மாசச் சந்தா வேணும். ரெண்டு வருஷ ஒப்பந்தக்காரர் விஞ்ஞானியா இருந்தா அதிலிருந்து விலகி மாற்றுத் திட்டத்துக்குப் போகலாம், ஆனா வேலை தொடங்கி ரெண்டு மாசத்துக்குள் எழுதிக் கொடுக்கணும். உங்களுக்கு மார்ச் தொடக்கம் கடைசி. யாரும் ஞாபகப்படுத்த மாட்டாங்க.

19 ஜனவரி 2026, இரவு 8.10 | பாலாறு

வரி எண் இன்னும் வரல. வெளிநாட்டவர் அலுவலகத்துல பிப்ரவரி 11 நேரம் கிடைச்சிருக்கு. சென்னையில எடுத்த போட்டோ எட்டு மிச்சம் இருக்கு, போதுமா?

19 ஜனவரி 2026, இரவு 8.55 | வேப்பம்பூ

எட்டும் வீண். 2025 மே 1 முதல் அட்டைக்குக் காகிதப் புகைப்படம் வாங்குவதில்லை, டிஜிட்டல் மட்டும். அலுவலகத்திலேயே எடுக்கும் இயந்திரம் இருக்கும், இல்லையேல் டிஎம் என்ற கடைத்தொடரில் எடுத்தால் ஒரு கியூஆர் தாள் தருவார்கள், அதைக் கொண்டுபோங்கள். அட்டைக் கட்டணம் ஆளுக்கு 100 யூரோ வரை, குழந்தைக்குக் குறைவு. ஒப்பந்தம், அன்மெல்டுங் தாள், காப்பீட்டு உறுப்பினர் சான்று, வாடகை ஒப்பந்தம் நகலோடு.

வரி எண்ணுக்கு: தபால் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்கிறதா? வீட்டு எண் மட்டும் இருந்தால் தபால்காரர் போட மாட்டார், கடிதம் திரும்பிப் போயிருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ள முழுப் பெயரையும், மனைவி பெயரையும் சேர்த்து ஒட்டுங்கள்.

19 ஜனவரி 2026, இரவு 9.02 | பாலாறு

பழைய ஆள் பேர்தான் இருக்கு. இப்பவே ஒட்டறேன்.